தடுமாறும் இளம் வீரருக்காக அணி காத்திருத்தல்

அணி விளையாட்டுகளில், திறமை உள்ளவர் என நம்பித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் இளம் வீரர் தொடக்கத்தில் தொடர்ந்து தடுமாறும்போது, அவரைத் தொடர்ந்து ஆடவிடுவதா, சிறிது காலம் வெளியே அமர்த்துவதா, முற்றிலும் கைவிடுவதா என்ற முடிவைத் தேர்வுக்குழுவும் அணித்தலைவரும் எடுக்க வேண்டியிருக்கிறது. கிரிக்கெட்டில் சுழற்பந்து வீச்சாளர், தொடக்க ஆட்டக்காரர், விக்கெட் காப்பாளர் ஆகிய இடங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக் என்னும் ஒரே இடத்தைச் சுற்றி ஆண்டுதோறும் இதே விவாதம் நடக்கிறது.

"இத்தனை ஆட்டங்கள் வரை பொறுக்கலாம்" என்று ஓர் எண்ணைச் சொல்லிவிடப் பலரும் விரும்புவர். ஆனால் நடந்த நிகழ்வுகளைப் பார்த்தால் அப்படி ஓர் எண் கிடைப்பதில்லை. காத்திருந்த காலத்தில் அந்த வீரருக்கு என்ன செய்யப்பட்டது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது. அணியிலிருந்து நீக்குவதும் கைவிடுவதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைக் கீழ்வரும் நிகழ்வுகள் காட்டுகின்றன.

கொழும்பு, 1992

1992 ஆகஸ்ட் மாதம் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் இலங்கையும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டில், தடுமாறிக்கொண்டிருந்த இளைஞர் இருவர் எதிரெதிர் அணிகளில் இருந்தனர்.

இலங்கை அணியில் இருந்தவர் மார்வன் அட்டப்பட்டு. 1990 நவம்பரில் சண்டிகரில் இந்தியாவுக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டை ஆடி, இரு இன்னிங்ஸிலும் ஓட்டம் எடுக்காமல் ஆட்டமிழந்திருந்தார். கொழும்பு அவருடைய இரண்டாம் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் இலங்கை 8 விக்கெட்டுக்கு 547 ஓட்டங்கள் குவித்தது. மூவர் சதம் அடித்தனர். அட்டப்பட்டு எடுத்தது 0. இரண்டாம் இன்னிங்ஸில் வெற்றிக்கு 181 ஓட்டங்கள் தேவைப்பட்டன. 2 விக்கெட்டுக்கு 127 என்ற நல்ல நிலையிலிருந்து அணி 164க்குச் சுருண்டது. இம்முறை அவர் எடுத்தது 1.

ஆஸ்திரேலிய அணியில் இருந்தவர் ஷேன் வார்ன். வயது 22. அதே ஆண்டு ஜனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு எதிராக அறிமுகமாகி 150 ஓட்டங்கள் கொடுத்து ஒரே ஒரு விக்கெட் எடுத்திருந்தார். அடுத்த டெஸ்டில் விக்கெட் எதுவும் இல்லை. கொழும்பு முதல் இன்னிங்ஸில் 107 ஓட்டங்கள் கொடுத்தும் விக்கெட் இல்லை. அதுவரை அவருடைய கணக்கு 335 ஓட்டங்களுக்கு 1 விக்கெட். இலங்கை வெற்றியை நெருங்கிக்கொண்டிருந்த கடைசி நேரத்தில் அணித்தலைவர் ஆலன் பார்டர் பந்தை அவரிடம் கொடுத்தார். கடைசி மூன்று விக்கெட்டுகளையும் ஓட்டம் எதுவும் கொடுக்காமல் வார்ன் வீழ்த்த, ஆஸ்திரேலியா 16 ஓட்டங்களில் வென்றது. பின்னாளில் அவர் 708 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தார்.

அட்டப்பட்டுவுக்கு அன்று எந்தத் திருப்பமும் நேரவில்லை. 1994 பிப்ரவரியில் அகமதாபாத்தில் மூன்றாம் டெஸ்ட் கிடைத்தது. மீண்டும் இரு இன்னிங்ஸிலும் பூஜ்யம். மூன்று டெஸ்ட், ஆறு இன்னிங்ஸ், மொத்தம் ஓர் ஓட்டம். அதன்பின் 1997 வரை அவருக்கு டெஸ்ட் இல்லை. ஆயினும் உள்நாட்டுப் போட்டிகளில் அவர் ஆடிக்கொண்டே இருந்தார். தேர்வுக்குழுவும் அவர் பெயரை அழித்துவிடவில்லை. 1997இல் அணிக்குத் திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில் மொகாலியில், இந்தியாவுக்கு எதிராகவே, முதல் சதம் அடித்தார். 90 டெஸ்ட்களில் 5,502 ஓட்டங்கள், 16 சதங்கள், அவற்றில் ஆறு இரட்டைச் சதங்கள், இலங்கை அணியின் தலைமைப் பதவி என்று அவருடைய ஆட்டவாழ்வு நிறைந்தது.

முதல் டெஸ்டிலிருந்து முதல் சதம் வரை ஏழு ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த ஏழு ஆண்டுகளும் அவரைப் பதினொருவரில் வைத்துக்கொண்டு இலங்கை தோற்றுக்கொண்டிருக்கவில்லை. தேவைப்பட்டபோது நீக்கினார்கள்; தோல்வியின் விலை குறைவாக இருக்கும் இடத்தில் அவரை ஆடவிட்டார்கள்; ஓட்டம் வந்தபோது அழைத்தார்கள். காத்திருத்தலில் இதுவே செலவு குறைந்த முறை.

லட்சுமண் சிவராமகிருஷ்ணன்

தமிழ்நாட்டில் இக்கேள்வி எழும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வரும் பெயர் இது. சென்னையில் 1965 டிசம்பர் 31 அன்று பிறந்த சிவராமகிருஷ்ணன் லெக் ஸ்பின் வீச்சாளர். 16 வயதில், தம் முதல் ரஞ்சிக் கோப்பைப் பருவத்திலேயே, வலிமையான தில்லி அணிக்கு எதிராக 28 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்துக் கவனம் பெற்றார். 1983 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவர் டெஸ்ட் ஆடியபோது வயது 17. அதுவரை இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர்களில் அவரே மிக இளையவர். அந்த ஆட்டத்தில் அவருக்கு விக்கெட் எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த வாய்ப்புக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1984 நவம்பர் இறுதியில் பம்பாயில் தொடங்கிய டெஸ்டில் இங்கிலாந்தின் ஆட்டக்காரர்களால் அவருடைய கூக்ளியைக் கணிக்க முடியவில்லை. முதல் இன்னிங்ஸில் 6, இரண்டாம் இன்னிங்ஸில் 6 என 181 ஓட்டங்களுக்கு 12 விக்கெட். இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அடுத்த தில்லி டெஸ்டிலும் ஓர் இன்னிங்ஸில் 6 விக்கெட். தொடர் முழுவதிலும் 23 விக்கெட்டுகள். 1985 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஆஸ்திரேலியாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் ஒருநாள் போட்டியில் இந்தியா கோப்பையை வென்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மெல்போர்னில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜாவேத் மியான்தாதை ஏமாற்றி, சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்பிங் செய்ய வைத்த பந்து அந்தத் தலைமுறை ரசிகர்களுக்கு இன்றும் மறக்காதது.

அதன்பின் சரிவு விரைவாக வந்தது. 1985இல் இலங்கையிலும், தொடர்ந்து ஆஸ்திரேலியாவிலும் அதிக விக்கெட்டுகள் கிடைக்கவில்லை. பந்தின் மிதப்பும் துல்லியமும் குறைந்தன. 1986 ஜனவரி 2 அன்று சிட்னியில் தொடங்கிய ஆட்டமே அவருடைய கடைசி டெஸ்ட். அவருக்கு 20 வயது நிறைந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். அவற்றில் 23 அந்த ஒரே இங்கிலாந்துத் தொடரில் வந்தவை. 1987 உலகக் கோப்பைக்கு மீண்டும் அழைக்கப்பட்டபோதும் இடம் நிலைக்கவில்லை. அதே பருவத்தில் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாடு அணியில் அவர் மட்டையாலும் பங்களித்தார் என்பது இந்தக் கதையில் பலர் மறந்துவிடும் பகுதி.

அவருக்காக இந்தியா போதிய அளவு காத்திருக்கவில்லையா? ஆட்டங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தேர்வுக்குழுவைக் குறை சொல்வது கடினம். விக்கெட் வராத லெக் ஸ்பின் வீச்சாளரை மூன்று டெஸ்ட் ஆடவிட்டு நீக்குவது எந்த நாட்டிலும் நடப்பதே. குறை வேறு இடத்தில் இருந்தது. மணிக்கட்டால் பந்தைச் சுழற்றும் கலை, வேறு எந்தப் பந்துவீச்சைக் காட்டிலும் தாமதமாகக் கைகூடுவது. சிறிய பிசகு வந்தாலும் பந்து குறுகியோ நீண்டோ விழுந்து அடி வாங்கும். அந்தப் பிசகை உடனிருந்து பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். வார்னுக்கு டெரி ஜென்னர் என்ற முன்னாள் லெக் ஸ்பின் வீச்சாளர் வழிகாட்டியாக இருந்தார். கை தவறும்போதெல்லாம் போய் நிற்க ஓர் இடம் இருந்தது. 1980களின் நடுவில் இந்திய அணிக்கு நிலையான பயிற்சியாளரே கிடையாது. தொடருக்குத் தொடர் மேலாளர்தான் மாறுவார். 17 வயதில் உலகம் சுற்றத் தொடங்கி, 19 வயதில் நாடே கொண்டாடிய ஒருவர் 20 வயதில் தம் குறையைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆட்டக்குறிப்பில் பதியாத சுமைகளும் உண்டு. தம் தோல் நிறத்துக்காக வாழ்நாள் முழுவதும், அதுவும் சொந்த நாட்டிலேயே, பாகுபாட்டைச் சந்தித்ததாக 2021இல் சிவராமகிருஷ்ணன் வெளிப்படையாகக் கூறினார். ஓர் இளைஞர் ஏன் தடுமாறுகிறார் என்று கேட்காமல், எத்தனை விக்கெட் எடுத்தார் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் அணிக்கு இத்தகைய செய்திகள் முப்பது ஆண்டுகள் கழித்தே தெரியவருகின்றன.

இதே கலையில் வல்லவரான அனில் கும்ப்ளேயும் 19 வயதில், 1990இல் மான்செஸ்டரில், முதல் டெஸ்ட் ஆடிவிட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் டெஸ்ட் அணிக்கு வெளியே இருந்தார். உள்நாட்டு ஆட்டங்களில் விக்கெட்டுகளைக் குவித்து 1992இன் பிற்பகுதியில் திரும்பினார்; 619 விக்கெட்டுகளுடன் ஓய்வு பெற்றார்.

மூன்று ஆட்டங்கள் எதைச் சொல்லும்?

ருதுராஜ் கெய்க்வாட்டை சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 20 லட்சம் ரூபாய் அடிப்படை விலைக்கு ஏலத்தில் எடுத்தது. 2019 பருவத்தில் அவருக்கு ஓர் ஆட்டமும் கிடைக்கவில்லை. 2020இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஐ.பி.எல். தொடருக்குச் சென்றவுடன் கொரோனாத் தொற்றால் தனிமைப்படுத்தப்பட்டார். பிறகு ஆடிய முதல் மூன்று ஆட்டங்களில் எடுத்தவை 0, 5, 0. அணியும் தோற்றுக்கொண்டிருந்தது. இளைஞர்களிடம் போதிய பொறி தெரியவில்லை என்ற பொருளில் அணித்தலைவர் தோனி அந்நாட்களில் சொன்ன சொல் பெரும் சர்ச்சையானது. அடுத்த மூன்று ஆட்டங்களில் கெய்க்வாட் எடுத்தவை ஆட்டமிழக்காமல் 65, பிறகு 72, மீண்டும் ஆட்டமிழக்காமல் 62.

2021இல் அதே கதை திரும்பியது. முதல் மூன்று ஆட்டங்களில் 5, 5, 10. இம்முறை அனுபவமிக்க தொடக்க ஆட்டக்காரரான ராபின் உத்தப்பா வெளியே காத்திருந்தார். அவரை இறக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. அணி மாறவில்லை. நான்காம் ஆட்டத்தில் 64. பருவ முடிவில் 635 ஓட்டங்களுடன் தொடரிலேயே அதிக ஓட்டம் எடுத்தவராக கெய்க்வாட் ஆரஞ்சுத் தொப்பியைப் பெற்றார். கோப்பையும் சென்னைக்கு வந்தது. 2024இல் அவரே அணித்தலைவர் ஆனார்.

இதில் அதிசயம் குறைவு, கணக்கு அதிகம். ஒரு நல்ல தொடக்க ஆட்டக்காரர் மூன்று இன்னிங்ஸுக்கு ஒருமுறை 10 ஓட்டங்களுக்குள் ஆட்டமிழப்பார் என்று ஓர் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட மூன்று ஆட்டங்களில் அடுத்தடுத்து அப்படி நேர 27இல் 1 வாய்ப்புத்தான். ஆனால் 14 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்தில் எங்காவது ஓரிடத்தில் அத்தகைய மூன்று ஆட்டத் தொடர்ச்சி வருவதற்கான வாய்ப்பு 28 விழுக்காடு, அதாவது நான்கில் ஒன்றுக்கும் மேல். அந்த மூன்றும் பருவத்தின் நடுவில் வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தொடக்கத்தில் வந்தால் "இவருக்கு ஆடத் தெரியாது" என்ற பேச்சாகிவிடும். (நிகழ்தகவு பாடத்தில் நாணயத்தைச் சுண்டிச் சலித்த மாணவர்கள் இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.)

ஆகவே சிறிய எண்ணிக்கையிலான ஆட்டங்களில் ஓட்டங்களைவிட, ஆட்டமிழந்த விதமே அதிகம் சொல்லும். நல்ல பந்தில் ஆட்டமிழந்தாரா, ஒவ்வொரு முறையும் அதே தவற்றைச் செய்தாரா, வலைப்பயிற்சியில் அந்தத் தவறு குறைந்து வருகிறதா என்பவற்றைப் பயிற்சியாளர்கள் பார்க்கிறார்கள். புதிய தவறுகளைச் செய்பவர் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று கொள்ளலாம். பத்து ஆட்டங்களாக ஒரே பந்துக்கு ஒரே வகையில் விழுபவருக்கு மேலும் பத்து ஆட்டங்கள் கொடுப்பது பொறுமை ஆகாது. அவரை வெளியே எடுத்துத் திருத்துவதே அவருக்கும் நல்லது.

சென்னை அணியின் பொறுமையைப் புகழ்வோர் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். 2020இல் கெய்க்வாட்டுக்குத் தொடர்ந்து வாய்ப்புக் கிடைத்தபோது அணி ஏறத்தாழப் போட்டியிலிருந்து வெளியேறிவிட்ட நிலையில் இருந்தது. இழப்பதற்கு ஒன்றுமில்லாதபோது காத்திருப்பது எளிது. உண்மையான சோதனை 2021இல்தான் வந்தது.

இன்னொருவர் வந்துவிட்டால்

காத்திருப்பதற்கு அணி தரும் விலை, வெளியே அமர்ந்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. தினேஷ் கார்த்திக் 2004 நவம்பரில் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 19 வயதில் டெஸ்ட் அறிமுகம் ஆனார். விக்கெட் காப்பில் திறமையானவர். ஆனால் 10 டெஸ்ட்களில் ஒரே ஓர் அரைசதம், கொல்கத்தாவில் பாகிஸ்தானுக்கு எதிராக எடுத்த 93. வேறொரு காலமாக இருந்தால் இன்னும் ஓராண்டு கிடைத்திருக்கக்கூடும். 2005இல் மகேந்திர சிங் தோனி ஒருநாள் ஆட்டங்களில் விசாகப்பட்டினத்தில் 148, ஜெய்ப்பூரில் ஆட்டமிழக்காமல் 183 என அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். டிசம்பரில் இலங்கைக்கு எதிரான டெஸ்டில் கார்த்திக்கின் இடத்தில் தோனி இறங்கினார். அந்த ஆட்டம் நடந்தது கார்த்திக்கின் சொந்த மைதானமான சேப்பாக்கத்தில்.

இந்த முடிவு தவறு என்று இன்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நீக்கப்பட்டவருக்கு என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கார்த்திக் தொடக்க ஆட்டக்காரராக மாறினார். 2007இல் இங்கிலாந்தில் இந்தியா 1-0 என வென்ற டெஸ்ட் தொடரில் 263 ஓட்டங்களுடன் இந்திய அணியில் அதிக ஓட்டம் எடுத்தவர் அவரே. அந்த இடமும் நிலைக்காமல் போக, பல ஆண்டுகள் கழித்து, கடைசி ஓவர்களில் இறங்கி ஆட்டத்தை முடிப்பவராகத் தம்மை மறுபடி மாற்றிக்கொண்டார். 2018 மார்ச்சில் கொழும்பில் நடந்த நிதாஹாஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் 8 பந்துகளில் 29 ஓட்டங்கள் எடுத்து, கடைசிப் பந்தில் ஆறு அடித்து இந்தியாவை வெல்ல வைத்தார். அறிமுகமாகி அப்போது பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

குவாட்டர்பேக்கும் ஒப்பந்தக் கடிகாரமும்

அமெரிக்கக் கால்பந்தில், பந்தைப் பெற்று யாருக்கு எறிவது என்று ஓரிரு நொடிகளில் முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். தாக்குதல் முழுவதும் அவர் வழியாகவே செல்லும். கல்லூரி அணியிலிருந்து தேர்வு முறையில் வரும் இளம் குவாட்டர்பேக் பெரும்பாலும் முதல் ஆண்டில் திணறுவார். பேட்டன் மேனிங் 1998இல் தம் முதல் பருவத்தில் 28 முறை பந்தை எதிரணியின் கையில் எறிந்தார். அவருடைய இண்டியானாபொலிஸ் அணி 16 ஆட்டங்களில் 3 மட்டுமே வென்றது. மறு ஆண்டு 13 வெற்றி. ஆரன் ராட்ஜர்ஸ் இதற்கு மாறான வழியில் வந்தவர். 2005இல் தேர்வாகி மூன்று ஆண்டுகள் பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் அமர்ந்து பார்த்துவிட்டே 2008இல் முதன்மை ஆட்டக்காரர் ஆனார்.

இன்று அவ்வளவு பொறுமை அரிது. முதல் சுற்றில் தேர்வாகும் வீரரின் ஒப்பந்தம் நான்கு ஆண்டு. ஐந்தாம் ஆண்டும் அவரை வைத்துக்கொள்வதா என்பதை மூன்றாம் பருவம் முடிந்ததும் அணி சொல்லியாக வேண்டும். கால அளவை வீரரின் வளர்ச்சி அல்ல, கணக்குப் பிரிவுதான் தீர்மானிக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஜாஷ் ரோசன் 2018இல் அரிசோனாவுக்குத் தேர்வாகி, ஒரே பருவத்தில் இடத்தை இழந்தார். 2023இல் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வான பிரைஸ் யங்கை கரோலைனா அணி 2024 பருவத்தின் இரண்டு ஆட்டங்களுக்குப் பின் வெளியே அமர்த்தியது. சில வாரங்களில் அவருக்குப் பதில் ஆடியவர் கார் விபத்தில் காயமடைய, யங் மீண்டும் இறங்கினார். பருவத்தின் பிற்பகுதியில் தெளிவாக மேம்பட்டு ஆடினார். வெளியே இருந்த வாரங்கள் அவருக்கு உதவின என்று பலர் கருதுகின்றனர். அந்த விபத்து நடந்திராவிட்டால் அது தெரியவந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

மாவட்ட அளவில்

பன்னாட்டு அணிக்குக் காத்திருப்பதன் விலை தோல்வி. பள்ளி, மாவட்ட அணிகளில் அந்த விலை மிகச் சிறியது. நீக்குவதன் விலைதான் பெரியது. படவேடு, போளூர், ஆரணி போன்ற ஊர்களிலிருந்து பேருந்து பிடித்துத் திருவண்ணாமலைக்குத் தேர்வுக்குப் போகும் 14 வயதுச் சிறுவனை இரண்டு மோசமான ஆட்டங்களுக்காக நீக்கினால், அவனுக்கு வேறு அணி இல்லை. பெரும்பாலும் மட்டையைக் கீழே வைத்துவிடுவான். சென்னையில் அந்த வயதுடையவனுக்கு லீக் அணிகள் பல உண்டு. எனவே சிற்றூர்களில் பொறுப்பில் இருப்போர் பெருநகரத்தாரைவிட நீண்ட காலம் காத்திருப்பதே முறை.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நெசவுத் தொழிலாளியின் மகன் டி. நடராஜன், 2015 ஜனவரியில் கொல்கத்தாவில் வங்காளத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி ஆட்டம் ஆடினார். அந்த ஆட்டத்திலேயே அவருடைய பந்துவீச்சு முறை குறித்து ஐயம் எழுப்பப்பட்டது. பந்து எறியும் கையின் அசைவையே மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை. டென்னிஸ் பந்தில் வளர்ந்தவருக்கு அது புதிதாக எழுதக் கற்பது போன்றது. தமிழ்நாட்டின் முன்னாள் வீரர்கள் சிலர் உடனிருந்து உதவ, நீண்ட இடைவெளிக்குப் பின் 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் வழியாக அவர் மீண்டு வந்தார். மறு ஆண்டு பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு அவரை எடுத்தது. அங்கும் உடனே சோபிக்கவில்லை. பின்னர் ஐதராபாத் அணியில் இரண்டு பருவங்கள் பெரும்பாலும் வெளியே அமர்ந்திருந்தார். 2020 ஐ.பி.எல். தொடரில் அவருடைய யார்க்கர்கள் பேசப்பட்டன. அந்த ஆண்டு இறுதியில் தொடங்கிய ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் ஆகிய மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் தொடங்கிய டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 78 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் எடுத்தபோது, ஐயத்துக்குள்ளான அந்தக் கொல்கத்தா ஆட்டம் முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.